ராகிக் கஞ்சியில் ஒன்றரை ஸ்பூன்

உக்காரு அம்மிணி, சித்த உக்காரு. என்ற ஊட்டுக்காரி தண்ணி வாத்துட்டிருக்கா. தண்ணி வாத்து, தலை துவட்டி, சாமி கும்பிட்டு, அதுக்குப் பொறவுதான் ஊசிக்குக் கையை நீட்டுவா. ரத்தம் எடுக்கறதுக்கு எதுக்கு இத்தனை சுத்தபத்தம்னு கேட்டா பதில் வராது. எனக்குப் பதில் சொல்றதையே அவ நிறுத்தி ரெண்டு மாசமாச்சு.

அந்தப் பையை டீப்பாய் மேல வெக்காதே, கீழ வை. முன்ன வந்துட்டிருந்தவங்க கொஞ்சம் வயசானவங்க, எது எங்க வெக்கோணும்னு தெரியும். நீ புதுசாட்ட இருக்குது. என்ன படிச்சே? லேப் டெக்னீசியனா, ரெண்டு வருசமா? சரி சரி. ஊசி குத்தறதுக்கு அது போதும்.

நான் வேளாண்மைத் துறை. முப்பத்தாறு வருசம் சர்வீஸ். இந்த உடுமலை சுத்துவட்டாரத்துல என்னைக் கேக்காம ஒரு மூட்டை யூரியா நெலத்துல விழுந்ததில்ல. தென்னை மட்டை மஞ்சளாச்சா, மக்காச்சோளக் குருத்து வெளுத்துப் போச்சா, தூரத்துல ரோட்டுல நின்னு பாத்தே என்ன சத்துக் கொறையின்னு சொல்லிருவேன். மண்ணை லேப்புக்கு அனுப்பி ரிசல்ட் வாங்கறதெல்லாம் ஆபீஸ்ல பேப்பர் வேணுமேன்னு பண்றது. கண்ணுல பாத்தாத் தெரியாததை எந்த லேப்பும் சொல்லிராது. உன்ற லேப்பைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்.

எதுக்குச் சொல்றேன்னா, என்ற ஊட்டுக்காரி மயிலாத்தாளுக்கு என்ன கொறைன்னும் நான்தான் கண்டுபுடிச்சேன். எந்த டாக்டரும் இல்ல. அவளுக்கு ஒம்போது வருசத்துக்கு முன்னால கோயமுத்தூர்ல நெஞ்சைத் திறந்து வால்வு மாத்துனாங்க. உலோக வால்வு. அதுல ரத்தம் கட்டிக்கக் கூடாதுன்னு தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. மாசம் ஒருக்கா ரத்தம் எடுத்து நம்பர் பாக்கோணும். உனக்குத் தெரியாததா? ரெண்டரைக்கு மேல, மூணரைக்குக் கீழ நிக்கோணும். கொறஞ்சா ரத்தம் கட்டி வால்வு அடைச்சுக்கும். எச்சாப் போனா எங்காச்சும் ரத்தம் கசிய ஆரம்பிச்சிரும்.

அவ அந்த நம்பரைக் கும்பிடாத கொறை. மாசக் காலண்டர்ல செவப்பு மசியில எழுதி வட்டம் போட்டு வெப்பா. ஆறு மணி ஆச்சுன்னா கலியாணப் பந்தியில உக்காந்திருந்தாலும் எந்திரிச்சுப் போயி மாத்திரையைப் போட்டுட்டு வருவா. டாக்டர் கீரை தின்னலாம், ஆனா எப்பவும் ஒரே அளவாத் தின்னுங்கன்னு சொன்னாராம். அதுக்காக வாரத்துல ரெண்டு நாளு, ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி. அரைக் கரண்டி எச்சாப் போட்டா எடுத்து என்ற தட்டுல போட்ருவா. ஒம்போது வருசமா இந்தக் கூத்து. ஒரு மனுசி இப்படியா டாக்டரு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவா?

போன பங்குனியில பாத்தா ஆளு சோந்து கெடக்கறா. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, முட்டி வலிங்கறா, தலைமுடி கொத்துக் கொத்தா வருது. கையைப் புடிச்சுப் பாத்தா நகத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. இதுக்கு மேல என்ன வேணும்? மக்காச்சோளம் வெளுத்தா துத்தநாகக் கொறை. மனுசிக்கு வெளுத்தா மட்டும் வேறயா? சத்துக் கொறை, வைட்டமின் எடுத்துக்கோன்னு சொன்னேன். அவ என்ன சொன்னாத் தெரியுமா? டாக்டரைக் கேட்டுட்டு எடுத்துக்கறேங்கறா. நான் சொல்றேன், என்ற மொகத்துக்கு நேரா நின்னுட்டு டாக்டரைக் கேக்கோணுங்கறா. அம்பது மைல் சுத்துல விவசாயி பூரா என்னைக் கேட்டு மருந்தடிச்சான், இவளுக்கு நான் பத்தாது.

சரி, மருந்துக்கடைக்குப் போயி நானே வாங்கியாந்தர்லாம்னு போனேன். பெரிய டப்பாவுல சத்துப் பவுடர், இருவத்தாறு சத்து இருக்குது, பின்னால வரிசையாப் போட்டிருக்கான். நான் லேபிள் படிக்கத் தெரிஞ்சவன். கடையில ஒரு பொம்பளப் புள்ள நின்னுட்டிருந்துச்சு, வெள்ளைக் கோட்டு. யாருக்குங்க, அவங்க வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாங்களான்னு கேட்டுச்சு. மாத்திரை பேரைச் சொன்னேன். ஒடனே டப்பாவை என்ற கையில இருந்து வாங்கித் திருப்பி, இதுல வைட்டமின் கே இருக்குதுங்க, அந்த மாத்திரைக்கு இது நேரெதிரா வேலை செய்யும், டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்கிக்கங்கன்னுச்சு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நேத்து டிப்ளமோ முடிச்ச புள்ள எனக்குச் சத்தைப் பத்திப் பாடம் எடுக்குது. டப்பாவை அங்கயே வெச்சுட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுசாத் தொறந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். அதே டப்பா. எடுத்துக் கூடையில போட்டேன், பில்லு போட்டுக் குடுத்தான். அங்க ஒருத்தரும் எதும் கேக்கறதில்ல. அது யாவாரம்.

அவ குடிக்க மாட்டாள்னு தெரியும். அதனால என்ன பண்ணுனேன்னா, காத்தால கஞ்சி காய்ச்சற வேலையை நான் எடுத்துக்கிட்டேன். ராகிக் கஞ்சி. நாட்டுச்சக்கரை போட்டு, ஏலக்காய் ஒண்ணு தட்டிப் போட்டு. அதுல டப்பாவுல போட்டிருக்கற அளவு ஒரு ஸ்பூன். நான் ஒன்றரை போட்டேன், கம்பெனிக்காரன் எப்பவும் பயந்துட்டுக் கொறைச்சுத்தான் எழுதுவான். ராகி நெறத்துல எதைப் போட்டாலும் தெரியாது.

இப்படி மொறைக்காதே அம்மிணி. மாட்டுத் தீவனத்துல தாது உப்புக் கலக்கறோம். மாட்டைக் கேட்டா கலக்கறோம்? கலந்தா பால் எச்சா வருது. அவ்வளவுதான்.

கலியாணம் ஆகி முப்பத்தேழு வருசத்துல நான் அடுப்படிக்குள்ள போனது அதுதான் மொத தடவை. அவளுக்குப் பெருமை தாங்கலை. காங்கயத்துல அவ தங்கச்சி ருக்மணி இருக்கறா, அவளுக்குப் போன் போட்டுச் சொல்றா. எங்க ஊட்டுல அவரு கஞ்சி காய்ச்சித் தர்றாரு ருக்குன்னு. அந்தப் பக்கம் அவ நம்பலையாட்ட இருக்குது, நெசமாலும்தான், நெசமாலும்தான்னு இவ சொல்லிட்டே இருக்கறா. நான் ஹால்ல பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்து கேட்டுட்டிருந்தேன். பொம்பளைகளுக்கு இவ்வளவுதான் வேணும், ஒரு தம்ளர் கஞ்சி.

சித்திரையில நம்பர் பாத்தாங்க. எப்பவும் ரெண்டு புள்ளி எட்டு, ஒம்போதுன்னு நிக்கறது, ஒண்ணு புள்ளி ஒம்போதுக்கு வந்திருச்சு. டாக்டரு கேட்டாரு, மாத்திரை விட்டுப் போச்சா? இல்லீங்க. கீரை எச்சாத் தின்னீங்களா? இல்லீங்க. வேற மருந்து ஏதாச்சும்? இல்லீங்க. அவ என்னைப் பாத்தா. நானும் இல்லீங்கன்னேன். மருந்துன்னுதானே கேட்டாரு. நான் குடுத்தது சத்து. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு ஆளு டாக்டராக் குந்திட்டிருக்காரு, அது என்ற தப்பா? மாத்திரையைக் கொஞ்சம் ஏத்தி எழுதுனாரு.

அடுத்த மாசம் ஒண்ணு புள்ளி ஏழு. டாக்டருக்குக் கோவம் வந்திருச்சு. "அம்மா, என்கிட்டப் பொய் சொன்னா உங்க உசிருக்குத்தான் ஆபத்து. வால்வு அடைச்சா நான் என்ன பண்ணட்டும்?" அப்படின்னாரு. கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸுல வரும்போது பொள்ளாச்சி வரைக்கும் அழுதுட்டே வந்தா. முந்தானையை வாயில வெச்சுட்டுச் சத்தமில்லாம அழுகறா, முன் சீட்டுக்காரி திரும்பித் திரும்பிப் பாக்கறா. எனக்கு மானம் போச்சு. எங்காச்சும் ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுல முருங்கக்கீரையைத் தின்னுருப்பே, ஒத்துக்கிட்டாத்தான் என்னன்னு கேட்டேன். தின்னலீங்க, சத்தியமாத் தின்னலீங்கன்னா. டாக்டரு அவ்வளவு படிச்சவரு, காரணமில்லாமயா சொல்றாருன்னு நானும் விடலை.

ஆமா, அவரைப் படிச்சவருன்னு சொன்னேன். சமயத்துக்குத் தக்கன சொல்றதுதான்.

அன்னிக்கிருந்து அவ ஒவ்வொண்ணா விட ஆரம்பிச்சா. மொதல்ல கீரை. பொறவு முட்டைக்கோசு, பீன்ஸ். பொறவு கொத்தமல்லித் தழை. கடைசியில கொழம்புல கெடக்கற கறிவேப்பிலையைக் கூட ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வெப்பா, அதுல ஏதோ வெசம் இருக்கறாப்பல. வெறும் ரசமும் மோருஞ்சோறும். ஆளு இன்னும் மெலிஞ்சு போயிட்டா. பாக்க எனக்குப் பொறுக்கலை. அதனால பவுடரை ரெண்டரை ஸ்பூனாக்குனேன். அவ விடாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், என்ற கஞ்சி. அதுல என்ன இருக்குதுன்னு அவ ஒருநாளும் கேட்டதில்ல.

டாக்டரு மாத்திரையை ஏத்திட்டே போனாரு. வாரத்துக்கு ஒருக்கா ரத்தம், வாரத்துக்கு ஒரு அளவு. முன்ன எடுத்ததுக்கு ரெண்டு மடங்கு வந்ததுக்கு அப்பறம் ஆடியில நம்பர் ரெண்டு புள்ளி ஆறுக்கு வந்து நின்னுச்சு. அவருக்குச் சந்தோசம். அவளுக்குச் சந்தோசம். நகத்துலயும் வெள்ளைப் புள்ளி மறைஞ்சுட்டு வந்துச்சு. நான் கண்ணாடியைப் போட்டுட்டுப் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லிக்கலை, மனசுக்குள்ள வெச்சுக்கிட்டேன். எனக்கு வெளம்பரம் புடிக்காது.

ஆவணியில ருக்மணி மகளுக்குக் கலியாணம். பெரியம்மா முன்னாடியே வரோணும்னு சொல்லி இவளைப் பன்னெண்டு நாளைக்கு முன்னாலயே காங்கயத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு இங்க தேங்காய் வெட்டு இருந்துச்சு, கலியாணத்துக்கு மொத நாளு வர்றேன்னேன். பவுடரைக் குடுத்து உட முடியுமா? சொல்லிக் குடுத்திருந்தா நாலு பேருகிட்டக் கேட்டுட்டு, டாக்டருக்குப் போன் போட்டு, அக்கப்போர் பண்ணியிருப்பா. பன்னெண்டு நாளுதானேன்னு உட்டுட்டேன்.

ஒம்போதாவது நாளு பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம். கலியாண ஊட்டுல சொன்னா பதறுவாங்கன்னு சொல்லலையாம். பொறவு தொடையில உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாத் தடம், எங்கயும் இடிச்சுக்கலையாம். முகூர்த்தத்தன்னிக்கு மாப்பிள்ளை தாலி கட்டறப்ப, இவ அட்சதை போடக் கையைத் தூக்குறா, மூக்குல இருந்து ஊத்துது. நான் ரெண்டாவது வரிசையில குந்திட்டிருக்கேன். கலியாணத்துக்குன்னு எடுத்த சந்தனக் கலர் பட்டுச்சேலை, முன்பக்கம் பூரா செவப்பு. நிக்கவே இல்ல. துண்டு மாத்தி துண்டு. மேளக்காரன் வாசிச்சுட்டே இருக்கான்.

கோயமுத்தூரு வரைக்கும் காருல அவ தலையை நான் புடிச்சுட்டுப் போனேன். நான் பயந்து போயிட்டேன் அம்மிணி. இதைச் சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்? அவ இல்லாம எனக்கு ஒரு நாளு ஓடாது. வேட்டி எந்த அலமாரியில இருக்குதுன்னு கூட எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில நம்பர் பாத்தாங்க. எட்டு புள்ளி ஒண்ணு. ஒடனே உள்ள சேத்துட்டாங்க. ஊசி போட்டாங்க. என்ன ஊசின்னு நர்ஸைக் கேட்டேன். என்ன தெரியுமா? வைட்டமின் கே. கொஞ்சூண்டு, பாத்துப் பாத்து ஏத்துறாங்க, எச்சா ஆனா வால்வு அடைச்சுக்குமாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே சொல்லு. நாலு மாசமா நான் எதைக் கஞ்சியில போட்டேனோ அதையே ஊசியில போடறாங்க. நான் போட்டப்ப ஆளு நல்லா இருந்தா. பன்னெண்டு நாளு நான் போடலை, ரத்தமாக் கொட்டுது. இதைவிட ஒரு சாட்சி வேணுமா? எந்த மடையனுக்கும் புரியுமே.

மூணாவது நாளு டாக்டரு ரவுண்ட்ஸ் வந்தாரு. மயிலாத்தா கண்ணு முழிச்சுப் படுத்திருக்கா, ருக்மணி பக்கத்துல நிக்கறா. டாக்டரு தலையைச் சொறிஞ்சுட்டு, நாலு மாசமா இந்த நம்பர் ஏன் இப்படி ஆடுதுன்னே புரியலைங்கறாரு. நான் எந்திரிச்சு நின்னேன். எனக்குத் தெரியுங்க டாக்டர்னேன். சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். என்னிக்கு ஆரம்பிச்சேன், எத்தனை ஸ்பூனு, கஞ்சியில எப்படிக் கரைச்சேன், காங்கயம் போனதுல எப்படி நின்னு போச்சு. அதனாலதான் இப்படி ஆச்சு, ஊட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பிச்சா சரியாப் போயிரும்னேன். அவரு என்ற கையைப் புடிச்சுக் குலுக்குவாருன்னு நெனச்சேன், நெசமாலும் அப்படித்தான் நெனச்சேன்.

அவரு என்னையே பாத்தாரு. அப்பறம் சின்னப் புள்ளைக்குச் சொல்றாப்பல நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. "நீங்க கலந்தது என் மாத்திரையை வேலை செய்ய விடலை. அது தெரியாம நான் ஏத்திட்டே போனேன். நீங்க திடீர்னு நிறுத்துனதும் அந்த ரெண்டு மடங்கு மாத்திரையும் ஒண்ணாச் சேந்து வேலை செஞ்சிருச்சு. சொல்லாமக் குடுத்ததும் தப்பு, சொல்லாம நிறுத்துனதும் தப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா இவங்களுக்கு எது ஒத்துக்கும்னு நானே பாத்து எழுதிக் குடுத்திருப்பேன்." அப்படிங்கறாரு. வைட்டமின் வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலையாம். எல்லா மாத்திரையும், பவுடரும், நாட்டு மருந்தும், எதைத் தின்னாலும் காட்டோணுமாம், அவ்வளவுதானாம். பெரிய கண்டுபுடிப்பு.

பொறவு பண்ணுனாரு பாரு ஒரு காரியம். என்னை உட்டுட்டு அவ பக்கம் திரும்பி ரெண்டு கையையும் கூப்புறாரு. உங்களைப் பொய்க்காரின்னு திட்டிட்டேன் அம்மா, மன்னிச்சிருங்கன்னு. அத்தனை பெரிய டாக்டரு, நர்ஸுக முன்னால. எனக்கு அது சுத்தமாப் புடிக்கலை. ஒரு ஆபீசருன்னா கொஞ்சம் கெத்து வேண்டாமா?

மயிலாத்தா அவரைப் பாக்கலை. என்னையும் பாக்கலை. மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. நான் கிட்டப் போனேன். செவுத்தைப் பாத்துட்டே மெதுவாச் சொன்னா. "நீங்க கஞ்சி கிண்டற சத்தத்தைக் கேக்கறதுக்குன்னே அஞ்சு மணிக்கே முழிச்சுத் தூங்கறாப்பலக் கெடப்பேன்." அவ்வளவுதான் சொன்னா. திட்டலை, கத்தலை. திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டு முடிச்சிருப்பேன். அவளுக்கு நல்லது பண்ணப் போயி நான் என்னவோ பூச்சிமருந்தை ஊத்திக் குடுத்தாப்பல.

காங்கயத்துக்கே போறேன்னுதான் நின்னா. ருக்மணியும் வா அக்கான்னுட்டா, அவளுக்கென்ன. நான்தான் ஊடு கெடக்குது, ஊரு என்ன பேசும்னு சொன்னேன். கடைசியில ருக்மணிகிட்டச் சொல்றாப்பல எனக்குக் கேக்கச் சொன்னா. ரெண்டு மாசம் போய்ப் பாக்கறேன், ரெண்டு தடவையும் நம்பர் ஒழுங்கா நின்னா இருக்கறேன், எறங்குச்சோ ஏறுச்சோ அன்னிக்கே பையைத் தூக்கிட்டு வந்தர்றேன்னு. அதாவது நம்பர் ஆடுனா நான் மறுபடி கலக்கறேன்னு அர்த்தமாம்.

அந்த ரெண்டு மாசம் இன்னியோட முடியுது. போன மாசம் ரெண்டு புள்ளி ஏழு. இன்னிக்கு நீ எடுக்கறதுதான்.

இந்த ரெண்டு மாசமா ஊட்டுல நான் படற பாட்டைக் கேளு. எனக்குச் சோறு போடறா, தட்டு கழுவறா, துணி தொவைக்கறா, எல்லாம் நடக்குது. ஆனா நான் தொட்ட எதையும் அவ வாயில வெக்கறதில்ல. போன வாரம் இருமல் வந்து தடுமாறுனா, நான் ஓடிப்போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து நீட்டுனேன். வெறும் பைப்புத் தண்ணி. இருமிக்கிட்டே என்னைத் தாண்டி ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயி, கொழாயைத் தொறந்து உள்ளங்கையில புடிச்சுக் குடிச்சா. சொம்பு என்ற கையிலயே இருந்துச்சு. முப்பத்தேழு வருசம் குடும்பம் நடத்துனவன், முப்பத்தாறு வருசம் சர்க்காரு சம்பளம் வாங்குனவன், ஒரு சொம்புத் தண்ணி குடுக்க லாயக்கில்லாத ஆளாப் போயிட்டேன்.

நான் எதுவும் கலக்கறதில்ல அம்மிணி. டப்பாவை அன்னிக்கே தென்னந்தோப்புக் குழியில கொட்டிட்டேன். நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டுக் கொட்டலை. எதுக்கு வம்புன்னு கொட்டுனேன்.

ஆனா நம்பர்ங்கறது ஆடற சமாச்சாரம். ஒரு காச்சல் வந்தா ஆடுமாம், ஒரு சளி மாத்திரை போட்டா ஆடுமாம். டாக்டரே சொல்றாரு. போன வாரம் இருமலுக்கு என்னமோ சிரப்புக் குடிச்சா, அது எதும் பண்ணியிருந்தா? நான் ஒண்ணுமே பண்ணாம பழி என்ற தலையில உழுமே? அதனால ஒண்ணு கேக்கறேன். அவ வர்றதுக்குள்ள கேட்டுக்கோ. ரிசல்ட்டை மொதல்ல என்ற போனுக்கு அனுப்பு. ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல இருந்தா ஒண்ணுமில்ல, அவளுக்கும் அனுப்பிரு. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்துச்சுன்னா, ஒரு ரெண்டு புள்ளி எட்டுன்னு போட்டு அனுப்பிரு. உனக்கு அதுல என்ன நஷ்டம்? ஒரு மாசந்தானே. அடுத்த மாசம் தானாச் சரியாப் போயிரும்.

ஏன் எந்திரிச்சுட்டே? அட உக்காரு. என்ன, அந்த நம்பரை வெச்சுத்தான் டாக்டரு மாத்திரை அளவு எழுதுவாரா? எனக்குத் தெரியாதா அது? நீயும் ஆரம்பிச்சுட்டியா? அவ உசுரோட வெளையாடறேன்னு சொல்ல வர்றியா? அவ உசுரு எனக்கு உன்னைவிட வேண்டியது, தெரிஞ்சுக்கோ. சரி, உடு. கேட்டதை மறந்துரு. குரலைக் கொறை, வந்துட்டா.

மயிலா, லேப்புல இருந்து வந்திருக்காங்க. இந்தச் சேருல உக்காரு, இங்கதான் வெளிச்சம். சரி, உன்ற இஷ்டம், அங்கயே உக்காரு.

இடது கையில எடு அம்மிணி, வலதுல நரம்பு கெடைக்காது. பாத்துக் குத்து. எடுத்ததும் அஞ்சு நிமிசம் நல்லா அமுத்திப் புடிக்கோணும், அவளுக்குச் சீக்கிரம் நிக்காது. நான் புடிக்கட்டுமா? வேண்டாமா? அவளே புடிச்சுக்கறாளாம். சரி.

என்ன பேப்பரு அது? கேளு, அவகிட்டயே கேளு. பேரு மயிலாத்தாள், வயசு அறுவத்தொண்ணு. மாத்திரை சாயங்காலம் ஆறு மணிக்கு, அதை அவளே சொல்றா பாரு. வேற மாத்திரை, சத்துப் பவுடர், நாட்டு மருந்து ஏதாச்சும் எடுத்துக்கறாங்களான்னா?

என்ன சொல்றா? எனக்குச் சரியாக் கேக்கலை. அவரையே கேளும்மாங்கறாளா? நான் என்ன திங்கறேன்னு எனக்கென்ன தெரியும், அவருக்குத்தான் தெரியும்ங்கறாளா?

ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ அம்மிணி, ஒண்ணும் இல்லைன்னு எழுது. நான் எதையும் குடுக்கலை. ரெண்டு மாசமா அவ சாப்பாட்டுப் பக்கமே நான் போகலை. இது நெசம். முன்ன டாக்டருகிட்டச் சொன்ன மாதிரி இல்ல, இது நெசமாலும் நெசம். மயிலா, இப்பவாச்சும் என்ற மொகத்தைப் பாரு, நான் பொய் சொல்றனா?

என்னம்மா, பேனாவைப் புடிச்சுட்டு சும்மா நிக்கறே? நான்தான் சொல்றேன்ல. எழுதும்மா.